ஆன் கேட்டது, ஆஃப் கேட்கவில்லை

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதை என் மாமனாருக்கு விளக்கப் பலமுறை முயன்றிருக்கிறேன். ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் தகவல் தொடர்புப் பாடம் நடத்துகிறேன். காற்று வழியே போகிற செய்தி நடுவழியில் சிதைந்துபோனால், வாங்குகிற கருவி தானே அதைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்வது எப்படி என்பதுதான் நான் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிய விஷயம். பிழை திருத்தக் குறியீடு என்று அதற்குப் பெயர். மாமனார் பொறுமையாகக் கேட்பார். கேட்டுவிட்டு, வாடிப்பட்டிப் பக்கத்தில் இருக்கும் தன் ஊரில் எல்லாரிடமும், "நம்ம மாப்ள போன் சம்பந்தமா படிச்சிருக்காரு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதனால் நான் மாமனார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் போனைத் தூக்கிக்கொண்டு வருவார். சார்ஜ் ஏறவில்லை, குரல் கேட்கவில்லை, கண்ணாடி நொறுங்கிவிட்டது. முதலில் "அது என் சப்ஜெக்ட் இல்லை" என்று சொல்லிப் பார்த்தேன். அவர்கள் முகத்தில் தெரிந்த சந்தேகத்தைத் தாங்க முடியவில்லை. பிறகு ஒரு குண்டூசியால் சார்ஜர் ஓட்டையில் இருக்கும் பஞ்சையும் தூசியையும் நோண்டி எடுக்கக் கற்றுக்கொண்டேன். பாதிப் போன்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. முனைவர் பட்டத்தால் கிடைக்காத மரியாதை குண்டூசியால் கிடைத்தது. அந்த மரியாதை தலைக்கேறித்தான் மோட்டார் விவகாரத்தில் வாயை விட்டேன்.

மாமனாரின் வயல் வீட்டிலிருந்து கொஞ்சம் தூரம். நடுவில் தென்னந்தோப்பு. கிணற்று மோட்டார் ஓட மும்முனை மின்சாரம் வேண்டும். அது தன் இஷ்டத்துக்கு வரும், போகும். வந்துவிட்டதா என்பது ஊரின் மாவு மில் ஓடத் தொடங்கும் சத்தத்தில் தெரிந்துவிடும். சத்தம் கேட்டதும் மாமனார் மூட்டு வலியோடு வயலுக்கு நடப்பார், மோட்டாரைப் போடுவார், காத்திருப்பார், நிறுத்திவிட்டு நடந்து வருவார். போனிலேயே மோட்டாரை இயக்கும் கருவி கடையில் கிடைக்கிறது. ஆனால் அந்த மோட்டார் அறையில் போனுக்குச் சிக்னல் கிடையாது. "கெணத்து மேட்டுல ஏறி நின்னு கையைத் தூக்குனாத்தான் ஒரு புள்ளி வரும் மச்சான்" என்றான் என் மனைவியின் தம்பி.

எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் மோர் ஊற்றிப் பிசைந்துகொண்டே, "இதெல்லாம் ஒரு விஷயமா? போனே வேணாம். நான் ரேடியோவுல செஞ்சு தாரேன்" என்றேன்.

என் மனைவி தலையைத் தூக்கிப் பார்த்தாள். மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர் அவள். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்துவிட்டு முதல் ஆளாகக் கையைத் தூக்கும் மாணவனை எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள். நான் மோரில் கவனமாக இருந்தேன்.

டவுன்ஹால் ரோட்டில் சாமான்கள் வாங்கி, இரண்டு பெட்டிகள் செய்தேன். வீட்டில் இருக்கும் பெட்டியில் பச்சை, சிவப்பு என்று இரண்டு பொத்தான்கள். மோட்டார் அறையில் இருக்கும் பெட்டி, அந்தப் பொத்தான்களின் பேச்சைக் கேட்டு மோட்டாரைப் போடும், நிறுத்தும். செய்தி வழியில் கெட்டுப்போனால்? அங்கேதான் நான் என் படிப்பைக் காட்டினேன். செய்தியை நான்கு நான்கு எழுத்தாக வெட்டி, ஒவ்வொரு நான்குக்கும் கூடுதலாக மூன்று காவல் எழுத்துகளைச் சேர்த்து, ஏழாக அனுப்பினேன். அந்த ஏழில் எது ஒன்று கெட்டாலும், எது கெட்டது என்று வாங்குகிற பெட்டி கணக்குப் போட்டுத் தானே திருத்திவிடும். கடையில் விற்கிற மலிவான ரிமோட்டில் இதெல்லாம் கிடையாது என்று கல்லூரியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். கல்லூரி வராந்தாவின் ஒரு கோடியில் பொத்தானும் மறு கோடியில் ஒரு குண்டு பல்பும் வைத்துச் சோதித்தேன். பல்பு எரிந்தது, அணைந்தது. பியூன்கூட நின்று பார்த்துவிட்டுப் போனார். பல்பு சத்தம் போடாது என்பதை நான் யோசிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் அரங்கேற்றம். சொந்தக்காரர்கள் சிலர் வந்திருந்தார்கள். அத்தை கறிக்குழம்பு வைத்திருந்தார். மனைவியின் தம்பி வயலில், மோட்டார் அறை வாசலில் நின்றான். மாவு மில் சத்தம் கேட்டதும் நான் தொண்டையைக் கனைத்துவிட்டுப் பச்சைப் பொத்தானை அமுக்கினேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. கிணற்று மேட்டில் ஏறி நின்று கத்தினான்.

"ஓடுது மச்சான்! தண்ணி கொட்டுது!"

அத்தை கூரையில் கட்டியிருந்த என் ஆண்டெனாவைப் பார்த்துக் கும்பிட்டார். மாமனார், "பரவாயில்லையே" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டு அதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை.

வயலுக்கு வேண்டிய அளவு தண்ணீர் பாய்ந்ததும் தம்பி மறுபடி மேட்டில் ஏறிப் போன் செய்தான். "நீ சாப்பிட வந்துரு. நான் இங்கருந்தே நிப்பாட்டிக்கிறேன்" என்றேன். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். எல்லாரும் பார்க்கச் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.

"நின்னுருச்சு" என்றேன்.

மாமனார் கேட்டார்: "எப்படித் தெரியும் மாப்ள?"

"சிக்னல் போயிருச்சுல்ல மாமா."

"போயிருச்சு, சரி. போயிச் சேந்துருச்சா?"

இந்த இடத்தில் கொஞ்சம் அறிவுள்ளவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்திருப்பான். நான் விளக்கவுரை ஆரம்பித்தேன். "நடுவுல ஒரு எழுத்து கெட்டாக்கூட அதுவே திருத்திக்கிரும் மாமா. அதுக்குத்தான் இம்புட்டு வேலை பாத்து வச்சிருக்கேன்." குழம்பு ஆறும்வரை பேசினேன். வந்தவர்கள் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். பிறகு வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, மின்விசிறிக்கு அடியில் பாயை விரித்துத் தூங்கினேன். நிம்மதியான தூக்கம்.

வெயில் தாழ்ந்த நேரத்தில், புல் அறுக்கப் போயிருந்த பக்கத்து வீட்டு அம்மா வாசலில் நின்று மாமனாரைக் கூப்பிட்டார்.

"அண்ணே, உங்க மோட்டாரு மத்தியானத்துல இருந்து ஓடிக்கிட்டே இருந்துச்சே, எதுக்கு? இப்பத்தான் கரண்டு போயி நின்னுச்சு. வயலு ரொம்பி, வரப்பு ஒடஞ்சு, தண்ணி பூராம் அந்தப் பக்கம் போயிருச்சுல்ல."

அந்தப் பக்கம் என்று அவர் சொன்னது மாமனாரின் பங்காளி வயலை. சித்தப்பா மகன். இரண்டு வயலுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒற்றை வரப்பை நீ வெட்டினாய், நான் வெட்டினேன் என்று ஆரம்பித்த தகராறில் இருவருக்கும் பேச்சு நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. கல்யாண வீட்டில் ஒருவர் முதல் பந்தியில் உட்கார்ந்தால் மற்றவர் மூன்றாம் பந்திக்குக் காத்திருப்பார். எனக்குக் கல்யாணமான புதிதில், அந்தப் பங்காளிக்கு நான் வணக்கம் வைத்துவிட்டேன் என்று வீட்டில் ஒரு வாரம் முகம் சுளித்தார்கள்.

மாமனார் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. தம்பி வண்டியை உதைத்துக்கொண்டு வயலுக்குப் பறந்தான், கரண்ட் திரும்ப வருவதற்குள் மோட்டாரைக் கையால் நிறுத்தி வைக்க. என் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சிக்னல் போயிருச்சுல்ல?" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

விளக்கு வைக்கிற நேரத்தில் பங்காளி வந்தே விட்டார். கேட்டுக்கு வெளியே நின்றார். மாமனார் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். அத்தை கொல்லைப்புறக் கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார். நான் என்ன செய்தேன் என்றால், ஒரு செய்தித்தாளை எடுத்துப் பெட்டியின் மேல் போட்டு மூடினேன்.

"அண்ணே" என்றார் அவர்.

"ம்."

"என் மோட்டாரு காயில் கருகிப்போயி, கட்டக் குடுத்திருக்கேன். இந்தா தாரேன், அந்தா தாரேன்னு இழுக்குறான். கதிர் வாங்குற நேரம். நெலம் பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. யார்ட்டப் போயித் தண்ணி கேக்கன்னு தெரியாம, வயலுக்குப் போகவே மனசில்லாம வீட்டுல கெடந்தேன்."

மாமனாருக்கு இன்னும் விளங்கவில்லை. எனக்கும்தான்.

"இப்பப் போயிப் பாக்குறேன், வயலு பூராம் தண்ணி நிக்குது. நான் வாயத் தொறந்து கேக்கவே இல்லையே அண்ணே. நீங்களா வரப்ப வெட்டி விட்டீகளே."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் வாயைத் திறந்தேன். உண்மை என்று ஒன்று இருக்கிறதல்லவா? வரப்பை யாரும் வெட்டவில்லை, அதுவாக உடைந்தது, அனுப்பிய செய்தி சிதைந்துவிட்டது, காரணத்தை ஆராய வேண்டும் என்று சொல்வதற்காக. என் மனைவி என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். நன்றாகவே கிள்ளினாள், மறுநாள் கல்லூரியில் முழுக்கைச் சட்டை போட வேண்டியிருந்தது.

மாமனார் கட்டிய வேட்டியைத் தளர்த்திக்கொண்டு சொன்னார்: "பயிரு வாடிக்கிட்டு நிக்கிது. பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியுமா? உள்ள வா. காப்பியக் குடிச்சிட்டுப் போ."

பங்காளி உள்ளே வந்தார். அந்த வீட்டுக்குள் எங்கே உட்காருவது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறி, பிறகு என் பாயிலேயே உட்கார்ந்தார். அத்தை கொண்டுவந்த காப்பியில் சீனி இரண்டு மடங்கு இருந்தது. அவர்கள் வயலைப் பற்றிப் பேசவில்லை. யார் வீட்டில் யாருக்குக் கல்யாணம், எந்தக் கோயிலில் எப்போது கொடை என்று சும்மா எதையோ பேசினார்கள். நடுநடுவே பேச்சு அறுந்துபோனது. இருவரும் அப்போது காப்பியை உறிஞ்சினார்கள். எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அதில் பாதி, நான் தப்பித்த நிம்மதி என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் போனபிறகு மாமனார் என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, அந்தப் பெட்டி தன்னால ஓடுச்சுன்னு யார்ட்டயும் சொல்லிக்கிட்டு இருக்க வேணாம்."

"இல்ல மாமா."

"ஆனா அடுத்த வாட்டி நிக்கணும்."

அடுத்த ஞாயிறு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மோட்டார் அறைக்குள் உட்கார்ந்தேன். மோட்டார் ஓடாதபோது செய்தி சுத்தமாக வந்தது. மோட்டாரைப் போட்ட பிறகு, வீட்டில் தம்பி சிவப்புப் பொத்தானை அமுக்கியபோதெல்லாம் குப்பையாக வந்தது. பழைய ஸ்டார்ட்டருக்குள் ஏதோ ஓர் இணைப்பில் மோட்டார் ஓடும்போதெல்லாம் பொறி பறந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பொறியும் ரேடியோவில் ஓர் இரைச்சல். ஆன் என்ற செய்தி சும்மா இருக்கும் மோட்டாரிடம் போனது, அதனால் கேட்டது. ஆஃப் என்ற செய்தி சத்தம் போட்டுக்கொண்டிருக்கும் மோட்டாரிடம் போனது. நான் செய்த பெட்டி, தொடங்கத் தெரிந்து நிறுத்தத் தெரியாத பெட்டி. வீட்டில் இதைச் சொன்னபோது, "உங்கள மாதிரியே" என்றாள் மனைவி, என் விளக்கவுரைகளை மனதில் வைத்துக்கொண்டு.

சரி, அதுவரை புரிந்தது. எனக்குப் புரியாதது வேறு. என் திருத்தக் குறியீடு என்ன ஆயிற்று? கெட்டுப்போன எழுத்துகளைத் திரையில் வரிசையாகப் பார்த்தேன். மொத்தத்தில் அப்படியொன்றும் அதிகம் கெடவில்லை. ஆனால் கெட்டவை சேர்ந்தாற்போல், கொத்துக் கொத்தாகக் கெட்டிருந்தன. ஏழில் ஒன்று கெட்டால்தானே அது திருத்தும்? ஒரே ஏழில் மூன்று நான்கு கெட்டால், திருத்துகிறேன் என்று நல்லதையும் கெடுத்து வைக்கும். இதையெல்லாம் தெளிவாகக் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு ஆண்டெனாவை வளைத்தேன், நிமிர்த்தினேன், பெட்டியை மேலே வைத்தேன், கீழே வைத்தேன். கடைசியில் "காரணம் தெரியலை மாமா, ஆராயணும்" என்று சொல்லிவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன்.

மறுநாள் வகுப்பு. அன்றைய பாடம் இன்டர்லீவிங். ஆண்டுதோறும் நடத்துகிற பாடம், ஆண்டுதோறும் சொல்கிற அதே உதாரணம். ஜன்னலுக்கு வெளியே யானைமலை வெயிலில் படுத்திருந்தது. நான் உற்சாகமாக ஆரம்பித்தேன்.

"ஒரு கல்யாணத்துக்கு ஏழு குடும்பம் வேன்ல கிளம்புது. ஒரு குடும்பத்துக்கு ஒரு வேன்னு ஏத்துறோம். ஒரு வேன் பரவை மார்க்கெட்டுக்கிட்டப் பஞ்சராகி நின்னுருச்சு. என்ன ஆகும்?"

"ஒரு குடும்பமே வராது சார்."

"மொய் எழுத, முறை செய்ய அந்தக் குடும்பத்துல ஆளே இல்லை. அதுவே, ஒவ்வொரு குடும்பத்துல இருந்தும் ஒரு ஆள் ஒரு ஆளா எடுத்து எல்லா வேன்லயும் கலந்து ஏத்துனா? ஒரு வேன் நின்னாலும் ஒரு குடும்பத்துக்கு ஒரு ஆள்தான் குறையும். மத்தவங்க சமாளிச்சுக்குவாங்க. இதுதான் இன்டர்லீவிங். செய்தியை வரிசை வரிசையா எழுது, பத்தி பத்தியா, மேலருந்து கீழா எடுத்து அனுப்பு. அங்க போய்த் திரும்ப வரிசையா அடுக்கு. வழியில் கொத்தாக் கெட்டாலும், அடுக்கும்போது அது சிதறி, வரிசைக்கு ஒண்ணாப் போயிரும். ஒண்ணைத்தான் நம்ம குறியீடு திருத்திருமே!" என்று சொல்லிக்கொண்டே கரும்பலகையில் கட்டங்கள் போட்டேன். "நிஜ உலகத்துல பிழை தனித்தனியா வராது. கொத்தாத்தான் வரும். இது இல்லாம எவனாவது ரேடியோ டிசைன் பண்ணுவானா?"

"பண்ண மாட்டான் சார்" என்றது வகுப்பு, ஒரே குரலில்.

என் கை அந்தரத்தில் நின்றது. சாக்பீஸ் கட்டத்தின் நடுவில் ஒரு புள்ளியை வைத்துவிட்டு அங்கேயே இருந்தது. முதல் வரிசையில் இருந்த பெண், "சார், தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். தண்ணீர் வேண்டாம், அது நிறையப் போய்விட்டது என்று சொல்ல நினைத்து அடக்கிக்கொண்டேன்.

அந்த வாரமே நிரலை மாற்றி எழுதினேன். எழுத்துகளைக் கட்டத்தில் வரிசையாக நிரப்பி, பத்தியாக எடுத்து அனுப்பும் வேலை. நிரலில் சில வரிகள்தான். இம்முறை கொஞ்சம் புத்தியும் வந்திருந்தது. மோட்டார் ஓடும்வரை வீட்டுப் பெட்டியில் ஒரு விளக்கு எரியும்படி, வயலிலிருந்து பதில் செய்தி வரவும் ஏற்பாடு செய்தேன். மாமனார் பச்சையை அமுக்கினார், விளக்கு எரிந்தது. சிவப்பை அவரே அமுக்கினார், விளக்கு அணைந்தது. அவர் விளக்கை நம்பவில்லை. மகனை வயலுக்கு அனுப்பினார். அவன் கிணற்று மேட்டில் நின்று போன் செய்து, "நின்னுருச்சுப்பா" என்றான்.

"அப்ப அன்னைக்கு நீங்க நின்னுருச்சுன்னு சொன்னீகளே மாப்ள, அது என்ன?"

"அது ஒரு நம்பிக்கையில சொன்னது மாமா."

"ம்" என்றார்.

இதோடு நான் ஊர் திரும்பியிருந்தால் கொஞ்சமாவது பெயரோடு திரும்பியிருப்பேன். பங்காளியின் மோட்டார் பழுது பார்த்து வந்துவிட்டது. அவர் இப்போது வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் பெட்டியைப் பார்த்துவிட்டு, "மாப்ள, எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்களேன்" என்றார். இரண்டாவது முறை கேட்க விடவில்லை. ஒரு திருத்தமும் செய்யாமல், நன்றாக வேலை செய்த அதே பெட்டியை அப்படியே நகல் எடுத்தேன். நிறுவிவிட்டு மதுரைக்கு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் வகுப்பு முடிந்து வெளியே வரும்போது தம்பி கூப்பிட்டான்.

"மச்சான், அப்பா பச்சைய அமுக்குனா ரெண்டு மோட்டாரும் ஓடுது. சித்தப்பா செவப்ப அமுக்குனா ரெண்டும் நிக்கிது. வெளக்கு வேற கிறுக்குப் புடிச்ச மாதிரி மினுக்குது. மடை ரொம்பறதுக்குள்ள ஏன்டா நிப்பாட்டுனன்னு அப்பா அங்க கத்துறாரு. தண்ணி போதும்னு நிப்பாட்டுனா திரும்பத் திரும்பப் போட்டு விடுறீகளேன்னு அவரு இங்க கத்துறாரு. நீங்க வாங்க."

பிழையில்லாமல் செய்தி போய்ச் சேர வேண்டும் என்பதில் இருந்த கவனத்தில், யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எழுத மறந்துவிட்டேன். கடிதத்தை அழகாக எழுதி, ஒட்டி, முகவரி இல்லாமல் தபால் பெட்டியில் போட்டவன் கதை. எந்த மலிவான ரிமோட்டிலும் இருக்கிற விஷயம் அது.

அன்று மாலையே வாடிப்பட்டி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனேன். அத்தனை காலம் கழித்து ஒட்டிய உறவு என் பெட்டியால் திரும்ப அறுந்துவிடுமோ என்ற பயம். போய் இறங்கினால், இருவரும் வரப்பின் மேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். உடைந்த இடம் புது மண் போட்டு அடைக்கப்பட்டிருந்தது. சண்டை போட்டுக் களைத்துப் போயிருந்தார்கள் போல. நான் மோட்டார் அறை வாசலில் குனிந்து, பெட்டியைத் திறந்து, இரண்டு ஜோடிப் பெட்டிகளுக்கும் தனித்தனி அடையாள எண் போட்டுக்கொண்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"என்னதான் படிச்சிருந்தாலும் பாருங்கண்ணே, ரெண்டு வீட்டுக்கும் ஒரே சாவியப் போட்டு வச்சிருக்காரு."

"இது பரவாயில்லடா. மொத நாளு நிக்காத மோட்டார நின்னுருச்சுன்னு சொல்லிட்டு, குழம்பு ஊத்திச் சாப்புட்டுத் தூங்குனாரு."

சொன்ன பிறகுதான் மாமனாருக்கு நாக்கைக் கடிக்கத் தோன்றியிருக்க வேண்டும். நான் திரும்பிப் பார்க்கத் துணியாமல் திருகாணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பங்காளி இளநீரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப அன்னைக்கு..." என்றார் அவர்.

"ஆமா. இவரு பாத்த வேலைதான்" என்றார் மாமனார்.

பங்காளி சிரிக்கத் தொடங்கினார். முதலில் மெதுவாக, அப்புறம் இருமல் வரும்வரை. மாமனாரும் சேர்ந்துகொண்டார். இரண்டு பேரும் தொடையைத் தட்டித் தட்டி, என்னைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். நான் பெட்டியை மூடி, திருகாணியை முடுக்கிவிட்டு, எனக்கும் ஓர் இளநீர் வெட்டித் தரும்படி கேட்டேன்.